ஊர் கூடினால் பிள்ளைக்கு வாசிப்பு வருமா?

கேள்வி, 11 ஜூலை 2024

எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு அமைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. மாதாமாதம் கூட்டம், டீ, கையெழுத்து, போட்டோ. சுற்றுச்சுவர் வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாலாம் வகுப்புப் பையன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். ஊர் மக்கள் பள்ளிக்குள் வந்தால் படிப்பு உயரும் என்பதெல்லாம் மேடைப் பேச்சு என்கிறேன். இல்லை என்று யாராவது காட்ட முடியுமா?

12 ஜூலை 2024

காட்டவெல்லாம் தெரியாது அண்ணா, எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். நான் திண்டிவனம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் எஸ்.எம்.சி., அதாவது நீங்கள் சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழு, உறுப்பினர். 2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்களே, அன்றைக்குத் தையல் மெஷினை மூடிவிட்டு வேடிக்கை பார்க்கப் போனவள்தான். அப்புறம் குழு அமைத்தபோது என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். இருபது பேர், அதில் பதினைந்து பேர் பெற்றோர், தலைவர் பதவி ஒரு அம்மாவுக்குத்தான்.

முதல் வருடத் தீர்மான நோட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். உங்கள் கேள்விக்காக நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். சுற்றுச்சுவர். கழிப்பறைக்குத் தண்ணீர். மின்விசிறி இரண்டு. சமையல்கூடத்துக்குப் பின்னால் புதர், அதில் பாம்பு. மறுபடி சுற்றுச்சுவர். மறுபடி பாம்பு. வருடம் முழுக்க நடந்த கூட்டங்களில் வாசிப்பு என்ற சொல் ஒரு வரியில்கூட இல்லை.

ஊர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கல்விச் சீர் என்று பார்த்திருப்பீர்கள். தாய்மாமன் சீர் மாதிரியே மேளதாளத்தோடு தாம்பாளத்தில் நோட்டு, பென்சில், சுவர்க் கடிகாரம், குடம், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் பள்ளியில் வைத்தோம். நான்தான் கடிகாரத் தட்டைத் தூக்கினேன். அந்தக் கடிகாரம் இன்றைக்கும் ஓடுகிறது. அதற்குக் கீழே உட்கார்ந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மணி பார்க்கத் தெரியும் என்று அன்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

ஆகையால் பாதி உங்கள் பக்கம். மீதிப் பாதியை நாளைக்கு எழுதுகிறேன், ஒரு பிளவுஸ் பாக்கி இருக்கிறது.

13 ஜூலை 2024

பிளவுஸ் இன்னும் முடியவில்லை. ஒரு விஷயம் மட்டும். சுற்றுச்சுவர் கேட்பதை மட்டமாகப் பேசியதுபோல் ஆகிவிட்டது, அப்படி இல்லை. மாடு வகுப்புக்குள் வந்த பள்ளி அது.

16 ஜூலை 2024

மீதிப் பாதி. கொஞ்சம் நீளம்.

பள்ளிக்கூடங்கள் கொரோனாவில் மூடிக் கிடந்து 2021 நவம்பரில்தான் சின்ன வகுப்புகளுக்குத் திறந்தன. என் மகள் 2020-ல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தவள். பள்ளிக்கூடத்து வாசனையே தெரியாமல் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அந்த அக்டோபர் 27 அன்றுதான் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் இல்லம் தேடிக் கல்வியை, தன்னார்வலர்கள் சாயந்திரம் வகுப்பெடுக்கும் திட்டத்தை, தொடங்கிவைத்தார். முதலில் பன்னிரண்டு மாவட்டம், விழுப்புரமும் அதில் ஒன்று. பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டுத் தையல் தைத்துக்கொண்டிருந்த நான் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். மாதம் ஆயிரம் ரூபாய். மாரியம்மன் கோயில் திண்ணையில் சாயந்திரம் ஐந்திலிருந்து ஏழு வரை. பாட்டு, கதை, கல் வைத்து எண்ணுவது, எல்லாம் அமர்க்களமாகப் போனது. என் மகளும் அதே கூட்டத்தில்தான் இருந்தாள், எல்லாப் பாட்டிலும் முதல் குரல் அவளுடையது.

2022 ஜூலையில், அவள் மூன்றாம் வகுப்பு, ஒரு நாள் துணி வெட்டும்போது சும்மா கேட்டேன். 46 சென்டி துணியில் 29 வெட்டினால் மீதி எவ்வளவு? சாக்பீஸால் தரையில் எழுதினாள். 23. எப்படி வந்தது என்று பார்த்தால், ஆறிலிருந்து ஒன்பது போகாது, அதனால் ஒன்பதிலிருந்து ஆறைக் கழித்து மூன்று. நாலிலிருந்து இரண்டு போனால் இரண்டு. கடன் வாங்குவது என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. கணக்குப் பட்டதாரி வீட்டில், கணக்குப் பட்டதாரியே நடத்தும் மையத்தில்.

அந்த வருடம்தான் ஏசர் என்று நாடு முழுக்கக் கிராமப் பிள்ளைகளின் படிப்பை அளக்கும் ஆய்வு வந்தது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, கழித்தல் போடச் சொல்லிப் பார்ப்பார்கள். மூன்றாம் வகுப்பில் இந்த மாதிரி இரண்டு இலக்கக் கழித்தல் தெரிந்த பிள்ளைகள் தமிழ்நாட்டில் 2018-ல் 25.9 சதவீதம், 2022-ல் 11.2. பேப்பரில் படித்தபோது எங்கள் வீட்டுத் தரையில் எழுதியிருந்த 23 தான் கண்ணில் நின்றது.

அப்போது எனக்குக் கோபம் டீச்சர் மேல். நேரே போய்ச் சண்டை போட்டேன். என்ன சண்டை என்று எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

17 ஜூலை 2024

மேலே ஒருவர் கேட்டிருக்கிறார், "எந்த வகுப்பில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அளவுகோல் வைத்துவிட்டால் சரியாகிவிடுமே, அதை வைக்காமல் ஏன் ஊரைக் கூட்டுகிறார்கள்" என்று.

வைக்காமல் இல்லை ஐயா. அளவுகோல் நிறைய இருக்கிறது. 1991-லேயே மத்திய அரசு அமைத்த தவே குழு குறைந்தபட்சக் கற்றல் அளவு என்று வகுப்புவாரியாகப் பட்டியல் போட்டது, நூற்றுக்கு எண்பது பிள்ளைகளாவது அதில் எண்பது பங்கைத் தொட வேண்டும் என்று. அப்புறம் நம் ஊரில் செயல்வழிக் கற்றல், ஏ.பி.எல். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. என் தம்பி அதில் படித்தவன். தரையில் பாய், சுவரில் ஏணி மாதிரி ஒரு அட்டவணை, கையில் அட்டை. யானைப் படம் போட்ட அட்டை முடித்தால் அடுத்து மயில் என்கிற மாதிரி ஏதோ சொல்வான். அம்மா "என்னடா படிச்ச" என்று கேட்டால் "யானை முடிச்சேன்" என்பான். அம்மாவுக்கு அது என்னவென்று கடைசிவரை புரியவில்லை. ஏணியில் பையன் எந்தப் படியில் நிற்கிறான் என்று டீச்சருக்குத் தெரியும், பையனுக்கும் தெரியும். வீட்டுக்குத் தெரியாது.

2017-ல் கற்றல் விளைவுகள் என்று மத்திய அரசு வகுப்புவாரியாக எழுதிக் கல்வி உரிமைச் சட்ட விதியிலேயே சேர்த்தது. அப்புறம் 2022 ஜூனில் நம் மாநில அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம். முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை, அடுத்த வருடம் நாலு, ஐந்தும். 2025-க்குள் எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது, ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பதால் எல்லோருக்கும் ஒன்றே தெரியும் என்று நடிக்காத ஏற்பாடு.

ஆனால் என் மகள் அரும்பா மொட்டா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

18 ஜூலை 2024

தம்பி இதைப் படித்துவிட்டுப் போன் பண்ணினான். யானைக்கு அப்புறம் மயில் இல்லையாம். எது என்று அவனுக்கும் நினைவில்லை. மயில் இல்லை என்பது மட்டும் உறுதியாம்.

27 ஜூலை 2024

டீச்சர் ஒருவர் (எங்கள் ஊர் இல்லை) கடுமையாக எழுதியிருக்கிறார். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, பாதி நாள் செல்போனில் பதிவேற்றம், இதில் பெற்றோரும் வந்து கேள்வி கேட்டால் எப்படி என்று. நியாயம்தான் மேடம். சண்டை போட்ட பிறகு ஒரு நாள் முழுக்க எங்கள் டீச்சர் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். அவரே கூப்பிட்டார், "வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஒரே அறை. அரும்புப் பிள்ளைகளுக்குப் படம் கொடுத்துவிட்டு மொட்டுப் பக்கம் திரும்பினால் அரும்பில் ஒருவன் பென்சிலைக் கடித்துத் தின்கிறான். நடுவில் நெட் கிடைக்கவில்லை என்று போனைத் தூக்கிக்கொண்டு வாசல் வேப்பமரத்தடிக்குப் போகிறார். மத்தியானத்துக்குள் எனக்கே தலைவலி. சாயந்திரம் "தப்பா பேசிட்டேன் மிஸ்" என்றேன். "நீங்க பேசினதுல பாதி சரிதான்" என்றார். எந்தப் பாதி என்று கேட்கவில்லை.

ஆனால் ஒன்று மேடம். 2023-ல் பி.எட். மாணவர்களை அனுப்பிப் பிள்ளைகளைச் சோதிக்கப் போகிறோம் என்று அரசு சொன்னபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. வெளியாள் வந்து அளப்பது அவமானம் என்று நினைப்பது புரிகிறது. அப்படியானால் யார் அளப்பது? சொல்லிக்கொடுத்தவரே அளந்து, அவரே பதிவேற்றி, அதை மேலே இருக்கிறவர்கள் பார்த்து, எல்லாம் மேல்நோக்கியே போகிறது. பள்ளியிலிருந்து இருநூறு அடி தள்ளி இருக்கும் என் வீட்டுக்கு வரவில்லை.

10 ஆகஸ்ட் 2024

சரி, பேசிக்கொண்டே இருந்தால் போதாது என்று கூட்டத்தில் எழுந்து ஒன்று கேட்டுவிட்டேன். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை வந்து, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை அவரவர் வீட்டாள் முன்னால் வாசிக்கட்டும். அவ்வளவுதான். ஹெச்.எம். முகம் மாறிவிட்டது. "பதிவேற்றினது ஒண்ணு, நீங்க பார்க்கிறது ஒண்ணுன்னு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" பயந்துதான் கேட்டார். பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம்: போட்டோ கிடையாது, நோட்டில் எழுதுவது கிடையாது, ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசினால் அந்த அம்மாவுக்கு அடுத்த கூட்டத்தில் டீ கிடையாது.

நான்கு அம்மாக்கள் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்கள். "எங்களுக்கே படிக்கத் தெரியாது, அது சரியா வாசிக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" இதை நான் யோசிக்கவே இல்லை. அடுத்த பதிவில்.

18 ஆகஸ்ட் 2024

நேற்று நடந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளில் பத்தொன்பது பேர் வந்தார்கள். எட்டுப் பேர் சரளம். ஆறு பேர் எழுத்துக் கூட்டி. ஐந்து பேருக்கு எழுத்தே தடுமாற்றம், அதில் ஒருத்தி ஐந்தாம் வகுப்பு. என் மகள் சரளம், ஆனால் "இந்தக் கதையில் அணில் ஏன் அழுதது" என்று நான் கேட்டதும் என்னையே பார்த்தாள்.

சொல்ல வந்தது வேறு. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், அம்மா அப்பா திருப்பூரில், ஆயா வளர்க்கிறார். ஆயாவுக்குக் கைநாட்டுதான். பையன் எழுந்து நின்று ஒரு பக்கத்தை மடமடவென்று ஒப்பித்தான். டீச்சர் சிரித்தார், நான் கைதட்டினேன். ஆயா மட்டும் சும்மா இருந்தார். அப்புறம், "இவன் படிக்கலியே" என்றார். எப்படிச் சொல்றீங்க ஆயா? "கண்ணு பொஸ்தகத்துல இல்ல, கூரையில இருக்கு." புத்தகத்தை வாங்கி நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்ன சொல்லு" என்றார். பையனுக்குத் தெரியவில்லை. பக்கம் முழுக்க மனப்பாடம்.

பட்டதாரி நானும் பதினைந்து வருட அனுபவமுள்ள டீச்சரும் ஏமாந்த இடம். செயலியில் அவன் எந்த நிலை என்று சொல்லமாட்டேன், ஹெச்.எம்.முக்குக் கொடுத்த வாக்கு.

அந்த நாலு அம்மாக்களுக்கும் இப்போது பதில் கிடைத்துவிட்டது: நடுவில் விரல் வை. படிக்கத் தெரிந்த அக்காவோ அண்ணனோ பக்கத்தில் இருந்து அந்தச் சொல்லைச் சரி பார்க்கட்டும்.

25 ஆகஸ்ட் 2024

குழு புதுசாக மாற்றி அமைத்தார்கள். இப்போது 24 பேர், முன்னாள் மாணவர்களும் உண்டு. எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் என்றால் மொத்த ஊரும்தான். சீட்டுக்கு அடிதடி. பாம்புப் புதரைப் பற்றிப் புதுக் குழுவும் தீர்மானம் போட்டது.

9 செப்டம்பர் 2024

கேள்வி கேட்ட அண்ணன் விடவில்லை. "ஒரு சனிக்கிழமை வாசித்துப் பார்த்தால் போதுமா, ஜான்பூர் ஆய்வைப் படியுங்கள்" என்று எழுதியிருக்கிறார். படித்தேன். மூக்குடைந்தது.

உத்தரப் பிரதேசத்தில் ஜான்பூர் மாவட்டம், 280 கிராமம், 2005-06 சமயம். பின்னால் நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ கூட்டாளிகளோடு செய்தது. அங்கே கிராமக் கல்விக் குழு என்று இருக்கிறது, பெற்றோருக்கு அது இருப்பதே தெரியாது. குழு உறுப்பினர்களிலேயே நாலில் ஒருவர் வாக்கில் தான் உறுப்பினர் என்று தெரியாமல் இருந்தார்கள்! (எங்கள் குழுவில் அப்படி இல்லை, டீ கொடுப்பதால்.) சில ஊர்களில் கூட்டம் போட்டுக் குழுவின் உரிமைகளைச் சொன்னார்கள். வேறு சில ஊர்களில் அதோடு பிள்ளைகளை ஊராரே சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள், அதாவது என் சனிக்கிழமை. இரண்டிலும் பள்ளி மாறவில்லை, படிப்பும் ஏறவில்லை. மூன்றாவது வகை ஊர்களில் உள்ளூர் இளைஞர்களுக்கு வாசிப்பு சொல்லிக்கொடுக்கும் முறையைப் பழக்கினார்கள், அவர்கள் சாயந்திர வகுப்பு எடுத்தார்கள். வந்த பிள்ளைகள் குறைவு, ஆனால் வந்தவர்களுக்கு வாசிப்பு வந்தது.

அதனால் ஆகஸ்ட் 18-ல் நான் குதித்த குதியைக் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆயா கண்டுபிடித்தார், சரி. கண்டுபிடித்த மறுநாள் பையனை யாரிடம் அனுப்புவது? அது இல்லாவிட்டால் ஊரே கூடிப் பார்த்து வருத்தப்படுவதோடு முடிந்துபோகும்.

10 செப்டம்பர் 2024

ராத்திரி தூக்கம் வரவில்லை. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இல்லம் தேடிக் கல்வியை வைத்து பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் இன்னும் இருவரும் செய்த ஆய்வு, நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான். கொரோனாவில் விட்ட படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்திலேயே திரும்பி வந்துவிட்டது என்றும், அதில் சுமார் நாலில் ஒரு பங்கு இந்தச் சாயந்திரத் திண்ணை வகுப்புகளால் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். ஆக நாங்கள் கோயில் திண்ணையில் கல் எண்ணியது வீண் இல்லை. என் மகளுக்குக் கடன் வாங்கிக் கழிக்க வராதது நான் பார்க்காமல் விட்டது, திண்ணையின் குற்றம் இல்லை. ஜான்பூரும் இதையேதான் சொல்கிறது போல: ஊர் ஆள் கேள்வி கேட்பதைவிட உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது வேலை செய்கிறது. அதற்காகக் கேள்வியை விட்டுவிடவும் மாட்டேன், யாரை உட்காரவைப்பது என்று அதுதானே காட்டியது.

3 அக்டோபர் 2024

திண்ணை மறுபடி தொடங்கியது. காசு கிடையாது. கல்லூரி போகும் இரண்டு பெண்கள், நான். வாரம் நாலு நாள், நாற்பது நிமிடம், அந்தச் சனிக்கிழமை எழுத்துக் கூட்டியும் தடுமாறியும் வாசித்த பதினொரு பிள்ளைகள் மட்டும். ஏழு மணிக்கு சீரியல் என்பதால் ஆறே முக்காலுக்கு முடிக்க வேண்டும், இது அம்மாக்கள் போட்ட நிபந்தனை. முதல் வாரம் பதினொன்று, இரண்டாம் வாரம் ஏழு. மழை.

டீச்சர் தன் பயிற்சி நூலைக் கொடுத்து அனுப்பினார். "நான் காலைல எந்த எழுத்து எடுக்கிறேனோ அதையே சாயந்திரம் எடுங்க, புதுசா எதுவும் ஆரம்பிக்காதீங்க" என்று ஒரு துண்டுச் சீட்டும். இரண்டரை வருடத்தில் பள்ளியிலிருந்து படிப்பு பற்றி என் கைக்கு வந்த முதல் சீட்டு அதுதான்.

14 நவம்பர் 2024

ஒருவர் காமராஜர் காலத்தை இழுத்திருக்கிறார், அப்போது ஊர் சேர்ந்துதானே பள்ளியைத் தூக்கி நிறுத்தியது என்று. உண்மை. 1958 முதல் அப்போதைய கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நிலம், கட்டடம், மேசை என்று மக்கள் கொட்டிக் கொடுத்தார்கள். மதிய உணவே ஊரார் கொடுத்த அரிசியில் தொடங்கியதுதான். எங்கள் பள்ளிக்கு நிலம் கொடுத்தவரின் பேரன் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி முதல் வரிசையில் உட்காருவார். ஆனால் அன்றைக்குக் கேள்வி பிள்ளை பள்ளிக்கு வருமா என்பது. சோறு போட்டால் வந்தது. காலை உணவு வந்த பிறகு எங்கள் ஊரில் எட்டரைக்கே பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். வந்த பிள்ளைக்கு என்ன வந்தது என்பது வேறு கேள்வி, அதைத் தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை.

2 பிப்ரவரி 2025

ஏசர் 2024 வந்துவிட்டது. நாடு முழுக்க அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கிறவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 23.4 ஆகியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கணக்கும் நன்றாக ஏறியிருக்கிறது. சந்தோஷம். உடனே ஒருவர் "பார்த்தீர்களா, எண்ணும் எழுத்தும் வென்றது" என்கிறார், இன்னொருவர் "கொரோனா முடிந்தது, தானாக ஏறியது" என்கிறார். நான் இரண்டு பக்கமும் சேரவில்லை, நாலு பேரில் ஒருவர் வாசிப்பதற்கு இவ்வளவு கொண்டாட்டமா என்று மட்டும் கேட்டுவைக்கிறேன்.

திண்ணையில் இப்போது எட்டுப் பேர். ஐந்தாம் வகுப்புப் பெண் கூட்டிப் படிக்கிறாள், ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விடுவாள், அங்கே இவளை யார் பார்ப்பார்கள் என்று தெரியவில்லை. அது எனக்கு உறுத்துகிறது. மனப்பாடப் பையன் நடுவில் விரல் வைத்தாலும் வாசிக்கிறான். ஆயா இப்போது புத்தகத்தை விட்டுவிட்டு ரேஷன் கடைப் பலகையில் விரல் வைக்கிறார். போன வாரம் "பாமாயில் இருப்பு இல்லை" என்று வாசித்தான். ஆயா கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

15 பிப்ரவரி 2025

கேள்வி கேட்ட அண்ணனுக்கு: உங்கள் நாலாம் வகுப்புப் பையன் என்ன ஆனான் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

நேற்றைய கூட்டத் தீர்மானம்: ஒன்று, வாசிப்பு சனிக்கிழமை மார்ச்சில் மறுபடி, இந்த முறை கழித்தலும் உண்டு. ஹெச்.எம்.மே எழுதினார். இரண்டு, பாம்பு.